பதில் வராத மன்றாட்டு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை என் அம்மாவுக்கு விளக்கப் பட்ட பாடு, முதுகலைத் தேர்வுக்குக்கூடப் பட்டதில்லை. "கண்ண மூடிக்கிட்டுப் பேசாம உக்காரச் சொல்லித் தர்றேம்மா" என்றேன். அம்மா அப்போதுதான் நடவு முடிந்து வந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "அதுக்கா இத்தன வருசம் படிச்ச?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசாம இருக்கறதுக்குச் சம்பளம் குடுத்தா வாங்கிக்க. ஆனா ஒன்னயப் பேசாம இருக்க வைக்க இந்த ஊர்ல யாராலயும் முடிஞ்சதில்லயே, அவங்க எப்புடிச் செஞ்சாங்க?" என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் நிமிரும். அதை நான் மறைப்பதில்லை.

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஒரு நிறுத்தத்தில் இறங்கி வயல் நடுவே நடந்தால் எங்கள் தியான இல்லம் வரும். ஓடு போட்ட பழைய வீடு, பின்னால் புதிதாகக் கட்டிய நீளக் கூடம், ஒரு பக்கம் வாய்க்கால். வயதான சிஸ்டர் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். சுற்று வட்டாரத்துக் கிறிஸ்தவ ஊர்களிலிருந்து பெண்கள் சனிக்கிழமைகளில் வருவார்கள். வருடத்தில் சில முறை நான்கு நாள் தங்கி மௌனமாக இருப்பார்கள். மௌன ஜெபத்தைக் கற்பிப்பது என் வேலை.

ஜெபம் என்றால் எங்கள் பெண்களுக்குக் கேட்பது. மகளுக்கு வரன், மாட்டுக்குச் சினை, மழை வேண்டும், மழை போதும். அவர்களிடம் போய், எதையும் கேட்காமல் கடவுள் முன்னால் சும்மா இருங்கள் என்று சொல்ல வேண்டும். முதுகை நேராக வைத்து உட்காருங்கள், ஒரு சின்ன வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள், நினைப்பு எங்காவது இழுத்துக்கொண்டு போனால் அந்த வார்த்தைக்குத் திரும்பி வாருங்கள் என்பேன். நினைப்பை அடக்கப் பார்க்காதீர்கள், மடையைத் திறந்துவிடுங்கள், அதுபாட்டுக்குப் போகும் என்பேன். மடை என்றதும் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

அவர்களில் ஒரு அம்மா. கணவர் இல்லை, மகள் பக்கத்து ஊரில், மகன் சவுதியில். ஊர்க் கோயிலில் பாட்டைத் தொடங்குகிற குரல் அவருடையது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் மௌனத்துக்கு வந்ததே வேடிக்கை. முதல் சனிக்கிழமை கையைத் தூக்கினார்.

"டீச்சர், கண்ண மூடுனா தூக்கந்தான் வருது."

"தூங்குங்கம்மா. ஆண்டவர் மடியில தூங்குனா அதுவும் ஜெபந்தான்."

"கொறட்ட வந்தா?"

"அது பக்கத்துல இருக்கறவங்களுக்கு வர்ற சோதனை."

கூடமே சிரித்தது. அதிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறவில்லை அவர். தன் ஊரிலிருந்து மூன்று தோழிகளையும் இழுத்துக்கொண்டு வந்தார். எடுத்துக்கொண்ட வார்த்தையை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பது எங்கள் பழக்கம். அவர் பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். "நான் 'போதும்'னு எடுத்துக்கிட்டேன் டீச்சர். எனக்கு எதுவும் போதும்னு தோணுனதே இல்ல, அதான்."

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது நான்கு நாள் தியானம் ஒன்று வைத்திருந்தோம். அந்த அம்மாவும் தோழிகளும் முன்பே பெயர் கொடுத்திருந்தார்கள். தொடங்கும் நாள் காலையில் மகள்தான் அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். அந்த அம்மா பையோடு இறங்கும்போதே, "டீச்சர், எம் மவன் அங்க ஆஸ்பத்திரில இருக்கான். காய்ச்சலாம். வர வேணாம்னுதான் பாத்தேன், இவதான் போம்மா போம்மான்னு வெரட்டுனா. அதுவும் சரிதான். வீட்டுல இருந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு இங்க வந்து அவனுக்காக உக்காரலாம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

மகள் ஸ்கூட்டரைத் திருப்பவில்லை. அவர் கூடத்துக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தம்பி இல்லக்கா."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம. ரூம்ல படுத்திருந்தவன் காலைல எந்திரிக்கல. பேப்பர் வேலயெல்லாம் முடிஞ்சு பாடி சனிக்கெழம காலைலதான் திருச்சிக்கு வருது. அதுவரைக்கும் அம்மாவுக்குச் சொல்ல வேணாம்னு பெரியப்பா, மாமா எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. அம்மாவுக்குச் சுகர், பிரஷர். பாடி இல்லாத வீட்டுல நாலு நாள் அழுதா அவங்களும் போயிடுவாங்கக்கா."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வெளிநாட்டில் யாராவது இறந்துபோனால் பெற்றவளுக்குக் கடைசியில்தான் சொல்வார்கள். ஊர் முழுக்கத் தெரியும். பந்தல்காரருக்குத் தெரியும். பெட்டி வந்து இறங்குகிற அன்று அவளுக்குத் தெரியும். அதில் கொடுமை இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. அவள் மேல் வைத்த அக்கறை என்றுதான் நினைக்கிறார்கள்.

"இங்க போன் கெடயாதுல்லக்கா" என்றாள் மகள். "யாரும் பேசவும் மாட்டாங்க."

வந்தவர்களின் கைப்பேசிகளை வாங்கி ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு அலுவலக அலமாரியில் வைப்பது எங்கள் விதி. மௌனம் எங்கள் விதி. இரண்டும் கடவுளுக்காக வைத்தவை. அவை இரண்டும் அந்தக் குடும்பத்துக்கு வசதியாகப் போய்விட்டன. நான் கற்பித்துக்கொண்டிருந்த அமைதியை ஒரு அலமாரி மாதிரி திறந்து, உள்ளே ஒரு மரணத்தை வைத்துப் பூட்டிவிட்டாள் அவள். எனக்குக் கோபம் வந்தது. அழுதழுது வீங்கியிருந்த அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தபோது கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நானா சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா அவங்க என்னைக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"அவங்க கேக்க மாட்டாங்கக்கா. நல்லாயிட்டு வர்றான்னு சொல்லி வச்சிருக்கோம்."

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "குடும்பத்துக்காரங்க எடுத்த முடிவும்மா. நாம குறுக்க போக வேணாம். நல்லாப் பாத்துக்க" என்றார். பிஸ்கட் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

தோழிகள் மூவருக்கும் தெரியும் என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. வழக்கமாக அந்த அம்மாவை ஒட்டி உட்காருகிறவர்கள் அன்று எதிர்ச் சுவரோரம் போயிருந்தார்கள்.

பக்கத்து வயலில் வடக்கேயிருந்து வந்த ஆட்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இளவட்டப் பையன்கள். அவர்கள் பேச்சு கூடத்துக்குள் கேட்கும். எங்கள் பெண்கள் நடும்போது வருகிற பேச்சென்றால் தியானம் அவ்வளவுதான், காது அங்கே போய்விடும். இந்தப் பேச்சு புரியாததால் தண்ணீர் ஓடும் சத்தம் மாதிரி இருந்தது. இடைவேளையில் அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்ப்பார். ஒருமுறை மௌனத்தை மீறி என் காதருகே வந்தார். "எவ பெத்த புள்ளைங்களோ. அங்க அவளுங்க காத்துக்கிட்டு இருப்பாளுங்க. டீ குடுக்கச் சொல்லுங்க டீச்சர்." கொடுக்கச் சொன்னேன்.

தியான நாட்களில் ஒவ்வொருவரும் தினம் ஒரு முறை என்னிடம் தனியாக வந்து பேசலாம். அந்த நேரத்தில் மட்டும் பேச்சு உண்டு. முதல் நாள் அந்த அம்மா தூக்கம் வரவில்லை என்றார். அடுத்த நாள் கொஞ்சம் பரவாயில்லை என்றார். மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தவரின் முகம் வேறாக இருந்தது. கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"டீச்சர், இன்னக்கிக் காலைல உக்காந்தப்ப ஒண்ணு நடந்துச்சு. அந்த வார்த்தகூட இல்ல. நான் இருந்தேன், அவ்ளோதான். மனசு எவ்ளோ லேசா இருந்துச்சு தெரியுமா? இந்த மாதிரி எனக்கு ஆயுசுல வந்ததில்ல."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவனுக்கு நல்லாயிடுச்சுன்னு அர்த்தம் டீச்சர். இல்லன்னா பெத்த வயித்துக்குத் தெரியாதா? ஆண்டவரு அமைதியக் குடுத்துச் சொல்லிட்டாரு."

இந்த இடத்துக்கு ஒரு பாடம் உண்டு. நானே பல முறை நடத்தியிருக்கிறேன். ஜெபத்தில் அமைதி வந்தால் அதை எதற்கும் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வரும், போகும், அதை வைத்து நாளையைக் கணிக்கக் கூடாது. அந்தப் பாடத்தை அவரிடம் சொன்னேன். என் வாயில் அது அன்று வேறு எதையோ மறைக்கச் சொல்வது போல இருந்தது.

"அமைதி வந்தா வாங்கிக்கங்கம்மா. ஆனா அதை ஒரு சேதின்னு நெனச்சுக்காதீங்க."

அவர் சிரித்தார். என் கன்னத்தில் லேசாகத் தட்டினார். "படிச்ச புள்ளைங்க எல்லாத்தயும் சந்தேகப்படும்."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. எனக்கு நல்ல செய்தி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டோடு மௌனம் முடிந்தது. கடைசி நாள் என்று மீன் குழம்பு வைத்திருந்தார்கள். நான்கு நாள் அடைத்து வைத்த பேச்சு திறந்தால் சாப்பாட்டு அறை சந்தையாகிவிடும். அன்று தோழிகள் இருந்த வரிசையில் அந்த அம்மாவின் குரல் மட்டும்தான் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா, நான் நாலு நாள் வாய மூடிட்டு இருந்ததுக்குக் கோயிலுக்குக் கெடா வெட்டியிருப்பாரு!"

தோழிகளில் யாரோ பாதி சிரித்து நிறுத்தினாள்.

"என்னாடி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? பேச மறந்துட்டீங்களா? டீச்சர், இவளுங்களுக்கு உள்ள சிக்கிக்கிச்சு, எடுத்து விடுங்க." இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். முள்ளை நிதானமாக எடுத்து எடுத்துச் சாப்பிட்டார். நன்றாகச் சாப்பிட்டார்.

தட்டுக் கழுவுகிற குழாயடியில் தோழிகள் மூவரும் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார்கள். அடக்கி வைக்க முடியவில்லை அவர்களால். மாலைக்குள் அந்தக் கூடத்தில் ஒருத்தரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏழு மணிக்குக் கார் கொண்டுவந்து அழைத்துப் போவதாக மகள் சொல்லியிருந்தாள். அதுவரை தாண்டிவிட்டால் போதும் என்று நானும் நினைத்தேன். எல்லோரும் எல்லாவற்றையும் யோசித்திருந்தோம், ஒன்றைத் தவிர.

சனிக்கிழமைக் கூட்டமானாலும் நான்கு நாள் தியானமானாலும் மன்றாட்டோடுதான் முடிப்போம். வட்டமாக உட்கார்ந்து நடுவில் மெழுகுதிரி ஏற்றி, ஒவ்வொருவராகத் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். கடைசியில் "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றதும், மற்றவர்கள் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். பிறந்ததிலிருந்து கோயிலில் சொல்லிப் பழகியது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லும்.

ஒருவர் நட்ட பயிருக்காக வேண்டினார். எல்லோரும் பதில் சொன்னோம். ஒருவர் மருமகளின் பிரசவத்துக்காக. சொன்னோம். பிறகு அந்த அம்மா கண்களை மூடிக்கொண்டு, கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பாட்டைத் தொடங்குகிற அந்தக் குரலில் சொன்னார்.

"சவுதில ஆஸ்பத்திரில இருக்கற எம் மவனுக்கு நல்ல சொகத்தக் குடுத்த ஆண்டவருக்கு நன்றி. அவன் நல்லபடியா வீடு வந்து சேரணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

ஒருவரும் சொல்லவில்லை.

நடத்துகிறவள் நான். நான்தான் முதலில் தொடங்க வேண்டும். குரல் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்திருக்கும். நான் விடவில்லை. அந்த நாட்கள் முழுக்க முகத்தில் பொய் வைத்துக்கொண்டு நடமாடிய தோழிகள், சாப்பாட்டு அறையில் பாதி சிரிக்கவும் செய்தவர்கள், மதியத்திலிருந்து தெரியாததுபோல் இருந்த மற்றவர்கள், எல்லோருமே அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆளிடம் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்ட பொய்யை ஆண்டவரிடம் சொல்ல முடியவில்லை. இது நடக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் காத்திருந்தார். நாங்கள் இன்னும் மௌனத்திலேயே இருப்பதாக நினைத்திருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமல், இன்னும் கொஞ்சம் உரக்க, "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்று மறுபடி சொன்னார்.

வாய்க்கால் ஓடுவது கேட்டது.

கண்ணைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார். தோழிகளில் ஒருத்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப டீச்சர்?"

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கெழமம்மா. தூக்கத்துலயே. காய்ச்சலெல்லாம் இல்ல."

"நான் இங்க வர்றப்பவே இல்லியா?"

"இல்லம்மா."

"இவளுங்களுக்கெல்லாம் தெரியுமா?"

தெரியும் என்று தலையசைத்தேன். அவர் தன் வலது கையை மெல்லத் தூக்கி விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். மோந்து பார்த்தார். "மீன் கொழம்பு தின்னேனே" என்றார். "எம் புள்ள செத்துக் கெடக்கறான். நான் ரெண்டாந்தரம் ஊத்தச் சொல்லி மீன் கொழம்பு தின்னுருக்கேனே."

அதற்குப் பிறகுதான் குரல் எழும்பியது.

அந்தக் கூடத்தில் யாரும் கத்திப் பேசியதில்லை. செருப்பைக்கூட வெளியே சத்தமில்லாமல் கழற்றி வைக்கச் சொல்வோம். அன்று எல்லாப் பெண்களும் வந்து அவரைக் கட்டிக்கொண்டு, தோளில் தோள் சாய்த்து வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். வேலை முடித்துக் கரையில் போய்க்கொண்டிருந்த அந்த வடக்கத்திப் பையன்கள் மண் அப்பிய காலோடு நின்று கூடத்தைப் பார்த்தார்கள். என்ன மொழியில் அழுதாலும் அது புரிந்துவிடும் போலிருக்கிறது. ஒருவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

கார் வந்தது. மகள் இறங்கும்போதே சத்தம் கேட்டிருக்க வேண்டும். படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். "ஒரே ஒரு ராத்திரிக்கா. நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்கியிருக்க முடியாதா உங்களால? சாமிக்குத்தானே சொல்றோம், சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" அவள் தாயை அணைத்துக் காரில் ஏற்றினாள். பிஸ்கட் டின்னைத் திறந்து அந்த அம்மாவின் கைப்பேசியை எடுத்து நான்தான் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. மகள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அடக்கத்துக்குப் போனேன். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். நான் அருகில் போனபோது நகர்ந்து இடம் விட்டார், பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நீ ஒத்த வார்த்த சொல்லியிருந்தா அவ அந்த ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பா" என்றார்.

"எந்திரிச்சப்புறம்?"

"எந்திரிச்சப்புறம் அழுதிருப்பா. அழறதுக்குத்தான் ஆயுசு பூராக் கெடக்கே."

அதில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அம்மா சொல்வது அன்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மன்றாட்டுக்கு நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

நாற்பதாம் நாள் பூசை கழிந்து சில வாரங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அந்த அம்மா வந்தார். தனியாக வந்தார். தோழிகளோடு பேச்சில்லை. கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மௌனம் முடிந்து நான் மெழுகுதிரியை ஏற்ற எழுந்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த வாரமும் அப்படியே. மெழுகுதிரிக்கு முன்பு எழுந்துவிடுவார்.

ஒருநாள் மன்றாட்டை நடத்த வேறொருவரிடம் சொல்லிவிட்டு அவரோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். கதிர் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. 

"ஊரு மேல எனக்குக் கோவம் தீரல டீச்சர்" என்றார். "அவன் போனதுக்கு நான் அழுதது போதாது. அந்த நாளெல்லாம் நான் அழல. சிரிச்சேன். அத இப்ப எங்க போயி அழறது?"

"என் மேலயும் கோவமாம்மா?"

"ஒங்க மேலயா?" யோசித்தார். "இருந்துச்சு. இப்பத் தெரியல."

நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்தோம். தூரத்தில் அறுவடை எந்திரம் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணும். அந்த அமைதி இப்பவும் வருது டீச்சர். அன்னக்கி வந்த மாதிரியே வருது. அப்ப அவன் நல்லா இருக்கான்னு வந்துச்சுன்னு நெனச்சேன். இப்ப அவன் இல்ல, எனக்குத் தெரியும், அப்பவும் வருது. அப்ப அதுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லியா?"

இதற்கும் நான் படித்தவற்றில் எங்கோ பதில் இருக்கும். அதைத் தேடவில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"வந்தா பயமா இருக்கு. வராட்டி இருக்கவே முடியல. அதான் வர்றேன்." பேருந்து வளைவில் தெரிந்தது. எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அந்த மன்றாட்டுக்கு மட்டும் என்னய உக்காரச் சொல்லாதீங்க. மத்தபடி வருவேன்."

இன்னும் வருகிறார். மெழுகுதிரிக்கு முன்பு போய்விடுகிறார்.

நாங்கள் மன்றாட்டை நிறுத்தவில்லை. ஆனால் எங்கள் பெண்கள் இப்போது பதிலை உரக்கச் சொல்கிறார்கள், அவசரமாகவும் சொல்கிறார்கள். யாராவது தன் விண்ணப்பத்தைச் சொல்லத் தொடங்கி, "ஆண்டவரே உம்மை" என்பதற்குள்ளேயே "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று விழுகிறது. இடையில் ஒரு மூச்சுக்குக்கூட இடம் விடுவதில்லை. நிதானமாகச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான். மௌனத்துக்குப் பயப்படாதீர்கள் என்று கற்பிக்கத்தான் என்னை அங்கே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்ல வாயெடுக்கிறேன். அதற்குள் அவர்களோடு சேர்ந்து நானும் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.